பாபிலோனில் ஒரு யூதாவூர்



கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமின் அரசனையும், தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் சென்றான். வீடு கட்டி, தோட்டம் நாட்டி, அந்நகரின் சமாதானத்திற்காக ஜெபிக்கும்படி எரேமியா அவர்களுக்குக் கடிதம் எழுதினார்.

அச்சிறையிருப்பின் சந்ததியாரது வாழ்வை அக்காலத்துக் களிமண் பலகைகள் காட்டுகின்றன. அவர்கள் அந்நிய அரசனின் நிலத்தை உழுது வரி செலுத்தினர். ஆயினும் அவர்கள் குடியிருந்த ஊர் ‘அல்-யாகூது’, அதாவது யூதாவின் ஊர், என்றே அழைக்கப்பட்டது. பிள்ளைகள் பலரின் பெயர்களில் கர்த்தருடைய நாமம் இருந்தது. கி.மு. 539-இல் கோரேசு பாபிலோனைப் பிடித்தபின் தாய்நாட்டுக்கு வழி திறந்தது. சிலர் திரும்பினர், பலர் தங்கிவிட்டனர்.

இன்று நம் பிள்ளைகள் துபாயிலும் சிங்கப்பூரிலும் உழைக்கிறார்கள். அவர்களை எவரும் சிறைபிடிக்கவில்லை, தாங்களாகவே சென்றார்கள். ஆனாலும் அங்கே நிலைக்கவும் மனமில்லை, இங்கே திரும்பவும் மனமில்லை என்று தவிக்கிறார்கள். இந்த இருமனத்தை நன்றிகேடு என்று நாம் தீர்ப்பிட வேண்டாம். பாபிலோன் ஆற்றங்கரையில் சீயோனை நினைத்து அழுத ஜனமே அதன் வயல்களில் விதைத்தது. “எப்போது வருவாய்?” என்று மட்டும் கேளாமல், அவர்கள் வாழும் நகரத்திற்காகவும் இவ்வாரம் ஜெபிப்போம்.