தொண்ணூறு நிமிட விடுதலை

கால்பந்தை ஒருநாளும் உதைத்தறியாதவர்கூட, கால்பந்துத் திரைப்படம் ஒன்றின் இறுதிக் காட்சியில் கண் கலங்குவதைக் காண்கிறோம். கற்பனையாக அடிக்கப்பட்ட ஒரு கோலுக்கு உண்மையான கண்ணீர் ஏன்? இவ்வினாவிற்கு விடை காண, உண்மை நிகழ்ச்சி ஒன்றையும் அதன் வழிவந்த திரைப்படங்களையும் ஒருங்கே வைத்து நோக்குவோம்.

ஜான் ஹஸ்டன் இயக்கி 1981ஆம் ஆண்டு வெளிவந்த 'எஸ்கேப் டு விக்டரி' நம்மில் பலர் அறிந்த படம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட வீரர்கள், பாரிஸ் நகரில் ஜெர்மானிய அணியை எதிர்த்து ஆடுகின்றனர். பிரேசிலின் பெலேயும் இங்கிலாந்தின் பாபி மூரும் அதில் நடித்திருந்தனர். இடைவேளையின்போது கைதிகள் பின்தங்கியிருக்கின்றனர். உடை மாற்றும் அறையின் அடியில் தப்பிச் செல்லச் சுரங்க வழி திறந்திருக்கிறது. ஆயினும் அவர்கள் தப்பியோடாமல் ஆடுகளத்திற்கே திரும்புகின்றனர். காயமுற்ற பெலே தலைகீழாகப் பாய்ந்து கோல் அடிக்கும்போது, பகைவரின் படை அதிகாரி ஒருவரே எழுந்து நின்று கைதட்டுகிறார்.

இப்படத்திற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, 1961இல், ஹங்கேரிய இயக்குநர் சோல்தான் பாப்ரி இதையொத்த கதையைப் படமாக்கியிருந்தார். அதில் தப்பித்தல் இல்லை. ஆடிய கைதிகள் சுட்டுக் கொல்லப்படுகின்றனர். இவ்விரு கதைகளுக்கும் வேராக அமைந்தது, உக்ரைனின் கீவ் நகரில் நடந்த ஓர் ஆட்டம்.

1941 செப்டம்பரில் கீவ் நகரம் ஜெர்மானியர் வசமாயிற்று. டைனமோ கீவ் அணியின் ஆட்டக்காரர் சிலர் ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் கூலிகளாயினர். அவர்களே முதன்மையாக அமைந்த அணி 'ஸ்டார்ட்' என்பதாகும். 1942 ஆகஸ்டு 6 அன்று ஜெர்மானிய அணியை அது 5-1 என வென்றது. மூன்று நாள் கழித்து, ஆகஸ்டு 9 அன்று, மறு ஆட்டத்திலும் 5-3 என வெற்றி அதற்கே கிட்டியது. அம்மாதம் 18 முதல் ஆட்டக்காரர்கள் கைது செய்யப்பட்டனர். கொரோத்கிக் என்பவர் சித்திரவதையில் மாண்டார். கோல்கீப்பர் த்ரூசெவிச், குஸ்மென்கோ, கிளிமென்கோ ஆகிய மூவரும் சிரெட்ஸ் வதைமுகாமில் 1943 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

போருக்குப்பின் சோவியத் நாட்டில் பரவிய கதையோ வேறு: தோற்காவிடில் மரணம் என மிரட்டப்பட்டும் அவர்கள் வென்றனர், வென்றவுடன் ஆட்ட உடையுடனேயே கொல்லப்பட்டனர் என்பது அது. 1962இல் அக்கதையும் திரைப்படமாயிற்று. ஆனால் ஆட்டத்திற்கும் அம்மூவரின் மரணத்திற்கும் இடையே ஆறு மாதங்கள் உள்ளன. உயிர் பிழைத்தவர்களுள் ஒருவரான கொன்சரென்கோவும், அத்தகைய மிரட்டல் ஏதும் இருக்கவில்லை என்று 1992இல் கூறினார். அவ்வாறாயின், நாம் சிந்திய கண்ணீர் பொய்க்குச் சிந்திய கண்ணீர்தானோ?

அவ்வாறு நாம் எண்ணவில்லை. போர் எவரையும் சமமாக நடத்துவதில்லை. ஒருவன் கையில் துப்பாக்கி. மற்றவன் கையில் ரொட்டிக் கூடை. ஆடுகளத்திலோ பதினொருவருக்குப் பதினொருவர், பந்து ஒன்று, விதியும் ஒன்று. அனைத்தையும் இழந்த மனிதன் தொண்ணூறு நிமிடங்களுக்கு மட்டும் தன் எதிரியோடு சரிநிகராய் நிற்கிறான். நம்மைக் கலங்கச் செய்வது கோல் அன்று. அவன் நிமிர்ந்து நிற்கும் அந்தச் சமநிலையே. மேலும், அந்த நேரம் முடிந்துவிடும் என்பதை நாம் அறிவோம். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, வாயிலில் காவலர் காத்திருக்கின்றனர். முடிவை அறிந்தும் ஆடுபவனைக் காணும்போது, நமது வாழ்வும் எல்லையுடையதே என்று உள்ளம் உணர்கிறது.

திரைப்படம் இவ்வுணர்வை இரண்டு மணி நேரத்திற்குள் அடக்கவேண்டியுள்ளது. ஆகவே ஆறு மாதங்களை ஒரு நொடியாக்குகிறது. கோலுக்கு அடுத்து துப்பாக்கிச் சூட்டையோ விடுதலையையோ வைக்கிறது. இது கலையின் உரிமை எனலாம். எனினும், இறந்தோருக்கும் ஓர் உரிமை உண்டன்றோ? அவர்கள் வெற்றியின் ஆரவாரத்தில் சாகவில்லை. கைதட்ட எவருமில்லாத முகாமில், கடுங்குளிரில், பெயரறியாத பிற கைதிகளோடு மடிந்தனர். அவர்களைக் காவிய நாயகர்களாக்கிய கதை, அந்த ஆறு மாதத் துன்பத்தை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

ஆதலின் இத்தகைய படங்களைக் கண்டு அழுவதற்கு நாம் நாணவேண்டியதில்லை. ஆனால் விளக்குகள் எரிந்தபின், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, மெய்யாகவே நடந்தது என்ன என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு. திரையில் ஆட்டம் முடிந்த பின்னரும் அம்மூவருக்குத் துன்பம் ஆறு மாதம் நீடித்தது. அந்த ஆறு மாதங்களையும் சேர்த்து நினைப்பதே அவர்களுக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி.