தமிழகத் திருச்சபை வழிபாட்டில் பொதுநிலையினர் பங்கேற்பு

கிறித்தவ வழிபாட்டில், குருவாகவோ ஆயராகவோ திருநிலைப்படுத்தப்படாத உறுப்பினர்கள் செபத்தை முன்னின்று நடத்துதல், வேதம் வாசித்தல், பாடுதல், பதிலுரைத்தல், காணிக்கை படைத்தல், நற்கருணை வழங்கத் துணைநிற்றல் முதலிய பணிகளை மேற்கொள்வது பொதுநிலையினர் பங்கேற்பு எனப்படும். இவ்வுறுப்பினரைக் கத்தோலிக்கர் பொதுநிலையினர் என்றும், சீர்திருத்தத் திருச்சபையினர் சபையார் அல்லது விசுவாசிகள் என்றும் குறிப்பர். மேலைநாடுகளில் இப்பங்கேற்பு பெரும்பாலும் இறையியல் வாதங்களின் வழியே மீட்கப்பட்டது. தமிழகத்திலோ குருமார் பற்றாக்குறையே அதற்கு முதற்காரணமாக அமைந்து, பிற்காலச் சட்டங்கள் ஒப்புக்கொண்ட பணிகள் பலவற்றை ஊர்ச் சபையார் முன்னரே செய்துவரும் நிலையை உண்டாக்கிற்று.

பின்னணி

தொடக்ககாலத் திருச்சபையில் அப்பமும் திராட்சை இரசமும் கொணர்தல், மன்றாட்டுக்கு 'ஆமென்' என விடை கூறுதல், ஒருவருக்கொருவர் சமாதானம் பகிர்தல் ஆகியவை கூடியிருந்த அனைவருக்கும் உரியனவாக இருந்தன. இடைக்கால ஐரோப்பாவில் மக்களுக்கு விளங்காத லத்தீன் மொழியில் குருவே பீடத்தில் திருப்பலியை நடத்த, மற்றவர்கள் பார்வையாளராக ஒதுங்கினர். 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் விசுவாசிகள் அனைவரும் குருத்துவத்தில் பங்குடையவர் என்னும் கொள்கையை முன்வைத்து, மக்கள் மொழி வழிபாட்டையும் சபையார் பாடலையும் வலியுறுத்தினார். அதே நூற்றாண்டில் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் கத்தோலிக்கத் திருப்பலியில் லத்தீனையே நிலைநிறுத்தியது. இவ்விரு மரபுகளும் வெவ்வேறு காலங்களில் தமிழகம் வந்து, இங்கிருந்த சமூக அமைப்போடு கலந்தன.

கணக்கப்பிள்ளையும் உபதேசியாரும்

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், ஊர்தோறும் குருவை அமர்த்த இயலாத நிலையில், செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்வித்து, அவற்றை மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் இறக்கும் நிலையிலுள்ள குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கவும் உள்ளூர் ஆண்களை நியமித்தார். கணக்கப்பிள்ளை என வழங்கப்பட்ட இவர்களின் ஊதியத்துக்கு, போர்ச்சுக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென அக்கரையோர ஊர்கள் செலுத்திவந்த பணம் பயன்படுத்தப்பட்டது. அவருக்குப்பின் அங்குப் பணியாற்றிய ஹென்றிக் ஹென்றிக்கஸ் 1578இல் அச்சேற்றிய 'தம்பிரான் வணக்கம்', குரு இல்லாத இடத்திலும் செபமும் ஞான உபதேசமும் தடையின்றி நடைபெற உதவிய சிறுநூலாகும்.

மதுரை மறைபணித்தளத்தில் இப்பணி உபதேசியார் என்னும் நிலையான பொறுப்பாக வளர்ந்தது. அங்குப் பணியாற்றிய இராபர்ட் தெ நொபிலி 1623இல் மதுரையிலிருந்து வடக்கே புறப்பட்டு, இன்றைய நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலம் வழியாகச் சேலத்தை அடைந்தபின், சேலம், நாமக்கல் சமவெளியிலும் அம்முறை காலூன்றியது. குரு ஓர் ஊருக்கு ஆண்டில் ஓரிருமுறையே வரக்கூடிய சூழலில், ஞாயிறு செபத்தை நடத்துவது, திருமுழுக்குப் பெறுவோரை ஆயத்தப்படுத்துவது, நோயாளிகளைச் சந்திப்பது, இறந்தோரை அடக்கம் செய்யும்போது செபிப்பது ஆகிய அனைத்தும் உபதேசியாரின் கடமையாயின. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவர்களுக்கெனவே 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை இயற்றினார் என்பது, இப்பொறுப்புக்குத் தரப்பட்ட மதிப்பைக் காட்டும். குரு வந்து லத்தீனில் திருப்பலி நிறைவேற்றும்போதும், உபதேசியார் உரத்த குரலில் தமிழ்ச் செபங்களைத் தொடங்கிவைக்க, மக்கள் அவற்றைத் தொடர்ந்து ஓதினர். இதனால் பீடத்தில் ஒரு வழிபாடும் மக்களிடையே மற்றொன்றும் ஒரே நேரத்தில் நடந்தன.

சீர்திருத்தத் திருச்சபைகளும் தமிழ்ப் பாடலும்

1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து 1715இல் அச்சிட்டு முடித்ததோடு, செருமானியப் பாடல்களையும் தமிழாக்கிச் சபையாரைப் பாடவைத்தார். தரங்கம்பாடி மிஷனில் உபதேசியாராக உயர்ந்த ஆரோன் 1733இல் குருப்பட்டம் பெற்று, சீர்திருத்த மரபில் முதல் தமிழ்க் குருவானார். ஆனால் தஞ்சைப் பகுதியில் பல பத்தாண்டுகள் சபைகளைக் கட்டி வளர்த்த இராஜநாயக்கன் உபதேசியாராகவே இருந்து மறைந்தார். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தமையே அவருக்குத் தடையாயிற்று.

ஐரோப்பிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகளுக்கு மாறாக, கருநாடக இசைமுறையில் பல்லவி, அனுபல்லவி, சரணம் கொண்ட கீர்த்தனைகள் சபையாரின் நாவில் எளிதில் நின்றன. இவ்வகையில் தலையாயவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). அவர் குருவல்லர், பாடல்வழி ஊழியம் செய்த சபையார் ஒருவரே. 1853இல் அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்டு வெப் தொகுத்து வெளியிட்ட கீர்த்தனைத் தொகுதி இப்பாடல்களை வழிபாட்டுக்குள் நிலைபெறச் செய்தது. ஈரோட்டில் பணியாற்றிய இலண்டன் மிஷன் சங்கத்தின் எச். ஏ. பாப்லி, இந்திய இசையை ஆராய்ந்து 1921இல் நூல் எழுதியதோடு, கதையும் பாட்டும் கலந்த காலட்சேப முறையையும் ஊக்குவித்தார்.

சேலம், நாமக்கல் சமவெளி

சிற்றூர்ச் சபையாரின் பங்கேற்புக்கு இச்சமவெளி ஓர் எடுத்துக்காட்டு. சேலத்தில் சீர்திருத்தத் திருச்சபைப் பணியை இலண்டன் மிஷன் சங்கத்தின் ஹென்றி கிறிஸ்ப் 1827இல் தொடங்கினார். அச்சங்கம் பெரும்பாலும் சபையாட்சி மரபைச் சார்ந்தது. அதாவது, பேராயரின் ஆணைக்குக் காத்திராமல், புதிய உறுப்பினரைச் சேர்ப்பதையும் மூப்பரைத் தெரிந்தெடுப்பதையும் அந்தந்தச் சபையின் கூட்டமே முடிவுசெய்வது அதன் அடிப்படையாகும். இம்மரபுச் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய திருச்சபையிலும், 1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தன. சேந்தமங்கலம், கொல்லிமலைப் பகுதியில் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் பணியாற்றியது. கத்தோலிக்கருக்கெனச் சேலம் மறைமாவட்டம் 1930இல் நிறுவப்பட்டது.

ஆட்டையாம்பட்டி, இராசிபுரம், திருச்செங்கோடு எனத் தறியும் வேளாண்மையும் சார்ந்து அமைந்த இவ்வட்டாரத்தில் கிறித்தவர் மிகச் சிறுதொகையினர். ஆகவே ஒரே ஆயர் (சபைக் குரு) சிற்றூர்ச் சபைகள் பலவற்றைக் கவனிக்கும் ஏற்பாடு இங்குப் பொருந்துவதாயிற்று. ஆயர் வராத ஞாயிறுகளில் ஆராதனையை நடத்துவோர் உபதேசியாரும் சபை மூப்பருமே. சமைக்க எடுக்கும் அரிசியில் ஒரு பிடியைப் பெண்கள் நாள்தோறும் ஒதுக்கிச் சபைக்குச் சேர்க்கும் பிடியரிசிக் காணிக்கை, விளைந்ததைக் கோயிலுக்குக் கொணர்ந்து ஏலம்விடும் அறுப்பின் பண்டிகை ஆகியவை தமிழகச் சிற்றூர்ச் சபைகளில் பொதுவாகக் காணப்படும் பங்கேற்பு வடிவங்களாகும்.

சாதியும் இடமும்

பாடவும் செபிக்கவும் அனைவரும் அழைக்கப்பட்டபோதும், எவர் எங்கே அமர்வது, எவர் முதலில் நற்கருணை பெறுவது என்பவற்றைச் சாதியே நெடுங்காலம் முடிவுசெய்தது. 1829 அளவில் வேதநாயகம் சாஸ்திரியார் புதிய மிஷனரிமாருக்கு எதிராக எழுதிய முறையீட்டில், தமிழ்ப் பாடல்களை வழிபாட்டிலிருந்து விலக்கியதைக் கண்டித்ததோடு, சாதி பாராமல் கலந்திருக்கச் சொன்னதையும் கொடுமையென எதிர்த்தார். சபையாரின் உரிமைக்குரலும் மேல்சாதி உரிமைக்குரலும் ஒரே ஏட்டில் ஒலித்தமைக்கு இது சான்றாகும். 1833இல் ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமையை முற்றாகக் கைவிடுமாறு சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் வழிபாட்டைப் புறக்கணித்து வெளியேறினர். திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோயில் சாதிக்கொன்றாக இரு கூடங்களுடன் கட்டப்பட்டு, இடைச்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. பிற்காலத்திலும் இச்சிக்கல் தீராமைக்கு, 2008இல் விழுப்புரம் வட்டாரத்து எறையூரில் வெடித்த மோதல் எடுத்துக்காட்டாகும்.

20ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தங்கள்

தென்னிந்தியத் திருச்சபை 1950இல் வெளியிட்ட திருவிருந்து ஆராதனை முறை உலகத் திருச்சபைகளின் கவனத்தை ஈர்த்தது. ஆயர் மக்களை நோக்கி நிற்றல், சபையாரே அப்பத்தையும் இரசத்தையும் முன்கொணர்தல், சிரிய மரபைத் தழுவிச் சமாதானத்தைக் கைவழியே ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கடத்துதல், மன்றாட்டின் நடுவே சபையார் விடையளித்தல் ஆகியவை அதன் சிறப்புக் கூறுகள். 1963இல் வெளியான பொது ஆராதனைப் புத்தகத்திலும் இவை இடம்பெற்றன.

அதே ஆண்டு டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஏற்ற திருவழிபாட்டுக் கொள்கைவிளக்கம், மக்களின் முழுமையான, உணர்வுள்ள, செயல்முறைப் பங்கேற்பைச் சீர்திருத்தத்தின் தலையாய நோக்கமாக அறிவித்தது. அதன் பயனாகத் திருப்பலி தமிழில் நிகழ்ந்தது. வாசகம், பதிலுரைப் பாடல், விசுவாசிகள் மன்றாட்டு, காணிக்கைப் பவனி ஆகியவை பொதுநிலையினர் கைக்கு வந்தன. பங்கின் நிருவாகத்தில் ஆலோசனை கூறும் பங்குப்பேரவையும், அண்டைவீட்டார் கூடி இறைவார்த்தையைப் பகிரும் அன்பியமும் பின்னர் உருவாயின. தமிழகத்தில் பிறந்த து. ச. அமலோற்பவதாசு பெங்களூரில் தலைமையேற்று நடத்திய தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையம், உரோமை 1969இல் ஒப்புதலளித்த 12 பண்பாட்டுத் தழுவல்களைப் பரப்பியது. கைகூப்பி வணங்குதல், ஆரத்தி எடுத்தல் முதலான அவை மேல்சாதிக் கோயில் வழக்கங்களையே சார்ந்தவை என்று தலித் இறையியலார் விமரிசித்தனர். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜே. தியோபிலஸ் அப்பாவு, பறையும் நாட்டார் மெட்டும் கொண்டு உழைக்கும் மக்கள் தாமே பாடக்கூடிய வழிபாட்டை உருவாக்கியது இவ்விமரிசனத்தின் ஆக்கபூர்வ வடிவமாகும்.

பெண்கள்

வீடுவீடாகச் சென்று வேதம் கற்பித்த வேதாகமப் பெண்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே சபைகளின் வளர்ச்சிக்கு அடித்தளமாக இருந்தும், ஆராதனையை நடத்தும் உரிமை அவர்களுக்கு நெடுநாள் கிட்டவில்லை. தென்னிந்தியத் திருச்சபையில் மாதர் ஐக்கிய சங்கங்கள் ஆண்டில் ஒரு ஞாயிறு ஆராதனையைத் தாமே நடத்தும் வழக்கம் பரவிற்று. 1976இல் அச்சபை முதன்முதலாகப் பெண்ணொருவரை ஆயராகத் திருநிலைப்படுத்தியது. கத்தோலிக்கத் திருச்சபை 1972இல் வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பொதுநிலை ஆண்களுக்கு முறைப்படி திறந்துவிட்டது. அவற்றைப் பெண்களுக்கும் உரியனவாக்கும் சட்டத்திருத்தம் 2021 சனவரியில்தான் வந்தது.

மதிப்பீடு

ஐந்து நூற்றாண்டு வரலாற்றை ஒருங்கே நோக்குமிடத்து, தமிழகச் சபையார் ஒருபோதும் வெறும் பார்வையாளராக இருந்ததில்லை என்பது புலனாகும். குரு இல்லாத ஊரில் செபத்தைக் காத்தவரும், பாடலைப் படைத்தவரும், பிடியரிசியால் சபையைத் தாங்கியவரும் அவர்களே. எனினும் உழைப்புக்குரிய பங்கு எல்லோருக்கும் எளிதில் கிடைத்த அளவுக்குப் பீடத்துக்கும் முடிவெடுக்கும் மன்றத்துக்கும் அருகிலுள்ள பங்கு கிடைக்கவில்லை. தலித்துகளும் பெண்களும் அதைப் போராடியே பெற்றனர். திருநிலைப்படுத்தப்பட்டோரே நற்கருணையை நிறைவேற்றலாம் என்னும் வரம்பு கத்தோலிக்கத் திருச்சபையிலும் தென்னிந்தியத் திருச்சபையிலும் இன்றும் மாறாமல் உள்ளது.