கற்படுக்கையை வெட்டிக் கொடுத்தவர் யார்? துறவு பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு



ஜெலாப்பாங்கில் நான் நடத்தும் மாலை வகுப்பில் ஒருநாள் திருக்குறளின் துறவறவியலைத் தொட்டோம். “துறவி என்பவர் வீடு, மனைவி மக்கள், சொத்து அனைத்தையும் விட்டுச் சென்றவர்” என்று பலகையில் எழுதினேன். பின்வரிசையிலிருந்து ஒரு படிவம் 5 மாணவன் கேட்டான்: “டீச்சர், எங்கப்பாவும் எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிட்டாரு. அவரும் துறவியா?”

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் தெரிந்தது, தப்பு அவன் கேள்வியில் இல்லை, நான் எழுதிப்போட்ட விளக்கத்தில் இருந்தது. நம்மில் பலர் அதே வாக்கியத்தைத்தான் ஆண்டாண்டாக எழுதிப் போடுகிறோம். மாணவர்களும் அப்படியே தேர்வில் எழுதுகிறார்கள். அந்த வாக்கியத்தைத் திருத்தத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சங்கடமான உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். சித்தார்த்தர் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டு இரவில் வெளியேறினார் என்பதுதானே கதை? மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். நாம் அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கதையை அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. அவர் புத்தராகிக் கபிலவஸ்துவுக்குத் திரும்பியபோது, மகன் ராகுலனும் சங்கத்தில் சேர்க்கப்பட்டான். தாத்தா சுத்தோதனருக்குத் தாங்க முடியவில்லை. மகன் போனான், இப்போது பேரனும் போனான். இனிமேல் பெற்றோரின் அனுமதி இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சேர்க்கக் கூடாது என்று புத்தரிடமே கேட்டார். புத்தர் அதை ஏற்று விதியாக்கினார். விநய பிடகத்தில் இது இருக்கிறது. கடன்காரர்களைச் சேர்க்கக் கூடாது, அரசனின் படையில் இருப்பவர்களைச் சேர்க்கக் கூடாது என்ற விதிகளும் அதே நூலில் உண்டு. ஏன் இப்படி விதி போட வேண்டி வந்தது? பொறுப்பிலிருந்து தப்பிக்கக் காவி கட்டியவர்கள் அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள், அதனால்தான்.

கௌடலியரின் அர்த்தசாஸ்திரம் இன்னும் கறாரானது. மனைவி மக்களின் பிழைப்புக்கு வழி செய்து வைக்காமல் துறவு பூணுபவனுக்கு அரசன் அபராதம் விதிக்க வேண்டும் என்கிறது அந்நூல். இதைப் படித்ததும் அந்த மாணவனின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆக, ஒருவர் துறவியாகப் போவதில் வீட்டுக்கும் ஊருக்கும் பேச்சு இருந்தது. போன பிறகும் அந்த உறவு அறுந்துவிடவில்லை. இதற்குத் தமிழ்நாட்டில் கல்லிலேயே சாட்சி இருக்கிறது.

மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் என்று ஓர் ஊர். அங்குள்ள மலைக் குகைகளில் தமிழி எழுத்துகள் இருப்பதை ராபர்ட் சீவல் என்பவர் 1882இல் கண்டறிந்தார். ஐராவதம் மகாதேவன் அவற்றை கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கணித்தார். தமிழில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கல்வெட்டுகளில் இவையும் அடங்கும். கணி நந்தாசிரியன் என்ற சமணத் துறவிக்குக் குகையில் இருப்பிடமும் படுக்கையும் அமைத்துக் கொடுத்த செய்தியைத்தான் அவை சொல்கின்றன. கொடுத்தவர்களில் பாண்டியன் நெடுஞ்செழியனின் அலுவலரான கடலன் வழுதி ஒருவர். வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவினரும் உண்டு.

அழகர்மலைக்குப் போனால் இன்னும் சுவாரசியம். அங்கே படுக்கை வெட்டிக் கொடுத்தவர்களின் பட்டியலில் உப்பு வணிகன், வெல்லப்பாகு விற்பவன், ஏரில் பூட்டும் கொழு விற்பவன், பொற்கொல்லன் எல்லாரும் வருகிறார்கள். நம்ம ஊர் சந்தையில் பார்க்கும் ஆட்கள் மாதிரிதான், இல்லைங்களா? கரூருக்கு அருகே புகளூரில் இளவரசுப் பட்டம் பெறும் ஒரு சேர இளங்கோவே ஒரு துறவிக்குக் கல் அறுத்துக் கொடுத்திருக்கிறான்.

சமணத் துறவி ஓரிடத்தில் தங்காமல் நடந்துகொண்டே இருக்க வேண்டியவர். மழைக்காலத்தில் மட்டும் நடக்கக் கூடாது. ஈர மண்ணில் புழுபூச்சிகள் மிதிபட்டுச் சாகும் என்பதால் அந்த மாதங்களில் ஓரிடத்தில் தங்கிவிடுவார். பௌத்தத் துறவிகளுக்கும் இதே போன்ற மழைக்காலத் தங்கல் உண்டு. தங்க நனையாத இடம் வேண்டும். அதனால்தான் குகையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வராமல் வழிந்தோட நீண்ட காடி வெட்டியிருப்பார்கள். தலைப்பக்கம் சற்று உயர்த்திக் கல்லிலேயே தலையணையும் செதுக்கியிருப்பார்கள். துறவி பணத்தைத் தொடமாட்டார், சமைக்கமாட்டார். சோறு ஊரிலிருந்துதான் வர வேண்டும். ஊரார் அவரிடமிருந்து அறம் கேட்டார்கள். எதுவுமே தனக்கென்று இல்லாத மனிதரால்தான் நமக்கு இத்தனை பழைய தமிழ் எழுத்து கிடைத்திருக்கிறது. எழுதி வைத்தது அவரில்லை, சோறு போட்டவர்கள்.

வள்ளுவர் இதை அழகாகப் பிடித்திருக்கிறார். துறவறவியலின் 13 அதிகாரங்களுக்கு முன்னால் இல்லறவியலின் 20 அதிகாரங்களை வைத்தார். துறந்தவர்களுக்குத் துணை இல்வாழ்வான் என்று அங்கேயே சொல்லிவிடுகிறார். ‘தவம்’ அதிகாரத்திலும், துறந்தவருக்கு உணவும் பிறவும் கொடுத்து உதவத்தான் மற்றவர்கள் தவத்தை மறந்துவிட்டார்களோ என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார். அடுத்த அதிகாரமே போலித் துறவிகளைச் சாடும் ‘கூடாவொழுக்கம்’. தேர்வில் துறவு பற்றி எழுதும் மாணவர்கள் ‘துறவு’ அதிகாரத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு இந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். என் கருத்தில், புள்ளி கிடைப்பது இங்கேதான்.

கடுந்தவமும் நம் வரலாற்றில் உண்டு. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. அதையும் யாரோ நின்று பார்த்து, எண்ணி, பொறித்திருக்கிறார்கள்.

நம் நாட்டோடு தொடர்புடைய ஒருவரையும் சொல்கிறேன். பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி, மருத்துவராக 1913இல் மலாயா வந்தார். சிரம்பான் பக்கம் ஒரு ரப்பர் தோட்ட மருத்துவமனையில் நம் சஞ்சிக் கூலிகளின் பரம்பரைக்கு வைத்தியம் பார்த்தார். அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு சாது கொடுத்த வேதாந்த நூல் அவரை மாற்றியது. 1923இல் வேலையை விட்டுக் கிளம்பி, 1924இல் ரிஷிகேசத்தில் துறவு ஏற்றார். அவர்தான் சுவாமி சிவானந்தர். துறவியான பின் என்ன செய்தார் தெரியுமா? 1927இல் தம் காப்புறுதிப் பணத்தைக் கொண்டு லட்சுமண் ஜூலாவில் இலவச மருந்தகம் நடத்தினார். தெய்வீக வாழ்க்கைச் சங்கம் வந்ததெல்லாம் பிறகு, 1936இல். சம்பளத்தை விட்டார், வைத்தியத்தை விடவில்லை.

ஈப்போ மாணவர்களுக்குக் குகை புதிதல்ல. எங்கள் ஜெலாப்பாங்கிலிருந்து அதிக தூரமில்லாத பேராக் தோங் குகைக்கோயிலை 1926இல் ஏற்படுத்தியவர்கள் சீனாவிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி. சுண்ணாம்புக்கல் குகை ஒன்றைக் கோயிலாக்கியவர்கள் ஒரு தம்பதி என்பதைக் கவனியுங்கள். தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குனோங் செரோவுக்குக் காவடி போவதையும் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அது விரதம், துறவு அல்ல. நாள் குறித்துத் தொடங்கி, நாள் குறித்து முடித்து, மறுநாள் வேலைக்குப் போய்விடுவோம். இரண்டையும் குழப்பி எழுதாதீர்கள்.

இன்னொன்று. தோட்ட லயத்தில் ஒருவேளைக் கஞ்சியோடு வாழ்ந்த நம் பாட்டிமார்களின் வாழ்க்கையை ‘துறவு போன்ற எளிய வாழ்க்கை’ என்று சில கட்டுரைகளில் பார்க்கிறேன். எரிச்சலாக வருகிறது. என் பாட்டி பால் வெட்டியவர். அவருக்கு வேறு எதுவும் கொடுக்கப்படவில்லை. இல்லாததை ஒருவர் துறக்க முடியாது.

அடுத்த வார வகுப்பில் பலகையில் இருந்த பழைய வாக்கியத்தை மாற்றி எழுதினேன்: “துறவி என்பவர் தம்மைச் சார்ந்தவர்களுக்கு வழி செய்து, ஊரறிய, விதிகளை ஏற்று, தனக்கென எதுவும் வைத்துக்கொள்ளாமல் வாழ்பவர்.” கௌடலியரின் அபராதத்தையும் சொன்னேன். பின்வரிசையிலிருந்து அதே குரல்.

“எவ்வளவு டீச்சர் ஃபைன்?”

முதல் நிலைத் தண்டம், 48 முதல் 96 பணம் வரை என்றேன். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து 96 என்று மட்டும் எழுதிக்கொண்டான்.