ஃபேரர் பார்க் கூடாரங்களும் ஒரு நாடாளுமன்ற உரையும்

தேக்காவுக்குப் போய்வரும் நம்மில் பலருக்கு ஃபேரர் பார்க் திடல் என்றால் காற்பந்துதான் நினைவுக்கு வரும். ராணுவம் நினைவுக்கு வராது. ஆனால் 1966ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சிராங்கூன் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், அந்தத் திடலில் ராணுவக் கூடாரங்கள் நின்றன. அவற்றில் தங்கியிருந்தவர்கள் எதிரிகள் அல்லர், விருந்தாளிகளும் அல்லர். சிங்கப்பூர்க் காலாட்படையின் இரண்டாம் பட்டாளத்தினர். நம் சொந்த வீரர்கள்.

சபாவில் காவல் பணி முடித்து ஊர் திரும்பியவர்கள் அவர்கள். இந்தோனீசியாவுடனான மோதல் காலம் அது. அதே பட்டாளம் 1965 பிப்ரவரி 28ஆம் தேதி ஜோகூரின் கோத்தா திங்கியில் பதுங்கித் தாக்கப்பட்டு, தன் வீரர்கள் சிலரைப் பறிகொடுத்திருந்தது. அப்படிப்பட்டவர்கள் வீடு திரும்பியபோது தங்க முகாம் இல்லை. அவர்களுக்குரிய முகாமில் மலேசியப் படைப்பிரிவு ஒன்று இருந்தது. அது காலி செய்ய மறுத்தது. வேறு வழியின்றி நம் வீரர்கள் திடலில் கூடாரம் அடித்தார்கள்.

நாட்டுப் பெருமை, படைவீரர், நாடாளுமன்றம் என்ற தலைப்பை நம் மன்றத்தில் எடுத்துக்கொண்டபோது அணிவகுப்பு, கொடி, பீரங்கி மரியாதை என்றுதான் எல்லாரும் தொடங்கினார்கள். நான் இந்தக் கூடாரங்களிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி தனி நாடானபோது சிங்கப்பூரிடம் இருந்தவை இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள். அவற்றிலும் பெரும்பாலோர் சிங்கப்பூரர் அல்லர். அந்த ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி சுதந்திர சிங்கப்பூரின் நாடாளுமன்றம் முதன்முறையாகக் கூடியது. அன்று பிரதமர் லீ குவான் இயூவை நாடாளுமன்றத்துக்கு அழைத்துச் செல்ல, இங்கிருந்த மலேசியப் படைத் தளபதி தம் ராணுவ மோட்டார் சைக்கிள் வீரர்களைத்தான் அனுப்புவேன் என்று பிடிவாதம் பிடித்தார். திரு லீ தம் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார். சொந்த நாடாளுமன்றத்துக்கு இன்னொரு நாட்டுப் படையின் பாதுகாப்போடு போன பிரதமர்!

அதற்குப் பதினைந்து நாள் கழித்து, டிசம்பர் 23ஆம் தேதி, சிங்கப்பூர் ராணுவ மசோதாவை முன்வைத்து டாக்டர் கோ கெங் சுவீ பேசினார். அப்போது அவர் உள்துறை, தற்காப்பு அமைச்சர். படிப்பால் பொருளியல் வல்லுநர். அவருடைய ராணுவ அனுபவம் எவ்வளவு தெரியுமா? பிரிட்டிஷார் நடத்திய தொண்டூழியப் படையில் ஒரு கார்ப்பரல். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததோடு அதுவும் முடிந்தது.

இப்படிப்பட்ட ஒருவர் எழுந்தால் என்ன பேசுவார் என்று எதிர்பார்ப்போம்? வீரம், தியாகம், ஒரு பிடி மண்ணையும் விட்டுத்தர மாட்டோம் என்ற முழக்கம். அவர் அதைச் செய்யவில்லை. இங்கே பிரிட்டிஷ் படை இல்லாவிட்டால் ஆயிரம் மைல் சுற்றளவில் உள்ள எந்த அண்டை நாடும் இந்தத் தீவைச் சுலபமாகப் பிடித்துவிடலாம், அப்படி இல்லையென்று நடிப்பதில் பயனில்லை என்று அவையில் பகிரங்கமாகச் சொன்னார்.

தற்காப்பு அமைச்சர் ஒருவர் தம் நாடு பலவீனமானது என்று உலகம் கேட்கச் சொல்வது சாதாரண காரியமா? என் கண்ணுக்கு, நம் நாடாளுமன்ற வரலாற்றில் நாட்டுப் பெருமை பற்றிய ஆகச் சிறந்த பேச்சு இதுதான். பெருமை என்ற சொல்லைத் தூக்கிப் பிடிக்காததாலேயே அப்படிச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் மறைக்கக்கூடாது. பாரிசான் சோசலிஸ் உறுப்பினர்கள் அவையைப் புறக்கணித்திருந்தார்கள். எதிர்க்கேள்வி கேட்க ஆள் இல்லாத அவையில்தான் அந்த உண்மை பேசப்பட்டது.

படையை உருவாக்க முதலில் யாரிடம் கேட்டோம் என்பது நம் சமூகத்துக்குச் சற்றே உறுத்தலான செய்தி. இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரிக்கும் எகிப்து அதிபர் நாசருக்கும் திரு லீ கடிதம் எழுதினார். ஐந்து பட்டாளங்கள் அமைக்க இந்தியாவிடம் ஆலோசகர் கேட்டார். சாஸ்திரியிடமிருந்து வாழ்த்து வந்தது, பட்டாளம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இறுதியில் உதவ வந்தவர்கள் இஸ்ரேலியர். வெளியே தெரிந்தால் வட்டாரத்தில் சிக்கல் என்று அவர்களை இங்கே ‘மெக்சிகோக்காரர்கள்’ என்றே அழைத்தார்கள்.

1966 பிப்ரவரியில் அதிகாரிப் பயிற்சி தொடங்கியது, அதுவும் ஜூரோங்கில் ஒரு தொடக்கப்பள்ளிக் கட்டடத்தில். பிறகு பாசிர் லாபாவில் பயிற்சிக் கழகம் எழுந்தது. 1967 ஜூலையில் முதல் அணியாக 117 அதிகாரிகள் வெளிவந்தார்கள்.

அதிகாரிகள் கிடைத்தார்கள். வீரர்கள் எங்கிருந்து வருவார்கள்? நல்ல இரும்பை ஆணியாக்க மாட்டார்கள், நல்ல பிள்ளையைச் சிப்பாயாக்க மாட்டார்கள் என்பது சீனர்களின் பழமொழி. நம்மவர் கதை வேறு. சிப்பாய் வேலை நமக்கு அந்நியமில்லை. ஆனால் யாருக்காகத் துப்பாக்கி ஏந்தினோம் என்பதுதான் கேள்வி. 1915 பிப்ரவரியில் இங்கே கலகம் செய்த இந்தியச் சிப்பாய்களில் 47 பேரைப் பிரிட்டிஷார் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் வட இந்திய முஸ்லிம்கள். 1943 ஜூலை 5ஆம் தேதி பாடாங் திடலில் நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் முன் நின்றார். பிறகு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள், பெண்கள் உட்பட, அந்தப் படையில் திரண்டு சேர்ந்தார்கள். மாண்ட வீரர்களுக்காக எஸ்பிளனேடில் 1945ல் எழுப்பிய நினைவுச்சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் அதே ஆண்டு தகர்த்தார்கள். அந்த இடத்தில் மீண்டும் ஓர் அடையாளம் வைக்க 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு தரப்பில் சேர்ந்தால் சுட்டார்கள், மறுதரப்பில் சேர்ந்தால் கல்லைக்கூட விட்டுவைக்கவில்லை. சொந்த நாட்டுக்கான படை என்ற ஒன்று அதுவரை நம் அனுபவத்தில் இல்லை.

1967 மார்ச்சில் தேசிய சேவைச் சட்டத் திருத்தம் அவைக்கு வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூலச் சட்டம் 1952ல் காலனி அரசு கொண்டுவந்தது. அதன்கீழ் பெயர் பதியச் சொன்னதற்காக 1954 மே 13ஆம் தேதி சீன மாணவர்கள் வீதிக்கு வந்து போலிசாருடன் மோதினார்கள். பதின்மூன்று ஆண்டில் அதே சட்டம் நம் சட்டமாகியது. பற்றையும் தேச உணர்வையும் படைச் சேவைபோல் விரைவாக வளர்ப்பது வேறொன்றுமில்லை, அது எல்லாத் தரப்பு மக்களிடமும் பரவ வேண்டும் என்பது டாக்டர் கோவின் வாதம். முதலில் பதிந்தவர்கள் சுமார் 9,000 பேர், 1949ன் முற்பாதியில் பிறந்தவர்கள். அவர்களில் ஏறக்குறைய 900 பேர் முழுநேரச் சேவைக்குப் போனார்கள். சமூக மன்றங்களில் விருந்து வைத்து, நாடாளுமன்ற உறுப்பினர்களே நேரில் நின்று அனுப்பி வைத்தார்கள்.

எல்லாத் தரப்பும் என்றாரே, அப்படியே நடந்ததா? இல்லை. தொடக்க ஆண்டுகளில் மலாய் இளைஞர்களில் பெரும்பாலோர் அழைக்கப்படவில்லை. பழைய இரண்டு பட்டாளங்களிலும் நிறைந்திருந்த சமூகம் அது. கோத்தா திங்கியில் எந்தச் சமூகத்தையும் பார்த்துக் குண்டு பாயவில்லை. 1987ல் அன்றைய இரண்டாம் தற்காப்பு அமைச்சர் லீ சியன் லூங், நாட்டுப்பற்றும் சமயப்பற்றும் மோதும் இக்கட்டில் மலாய் வீரர்களை நிறுத்த விரும்பவில்லை என்று விளக்கியபோது இங்கேயும் மலேசியாவிலும் பெரும் சர்ச்சை எழுந்தது. 1965ல் டாக்டர் கோ பேசிய அளவுக்கு வெளிப்படையாக, இருபது ஆண்டுக்கு முன்பே இதையும் யாராவது அவையில் பேசியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

மலேசியப் படை 1967 நவம்பரில் வெளியேறியது. 1969 தேசிய தின அணிவகுப்பில் சிங்கப்பூரின் ஏஎம்எக்ஸ்-13 டாங்கிகள் முதன்முறையாக வலம் வந்தன. விருந்தினராக வந்திருந்தவர் மலேசியத் துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக்.

மோதல் காலத்தில் உயிர் நீத்தோருக்கான நினைவுச்சின்னம் டோபி காட்டில், மெக்டோனல்ட் ஹவுசுக்கு எதிரே 2015ல்தான் வந்தது. முதல் அணியில் போன அந்த 900 பேர் இப்போது எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள். கூடாரத்தில் படுத்தவர்கள் அவர்களுக்கும் மூத்தவர்கள். உங்கள் வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ அப்படி ஒருவர் இருந்தால், ஃபேரர் பார்க்கில் மழை பெய்த இரவுகளைப் பற்றிக் கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த மன்றத்தில் வாசிக்கிறோம்.