வராத சாரதிக்கு முன்கூலி

பொருள் கைக்கு வருமுன்னே விலையைக் கொடுத்துவிடும் வழக்கம் வர்த்தக உலகில் மிகப் பழையது. பதினெட்டாம் நூற்றாண்டின் லண்டன் மாநகரில் பெரிய நூல்கள் பல இந்த வழக்கத்தின் பலத்தாலேயே அச்சேறின. ஆசிரியர் முதலில் ஓர் அறிக்கையை வெளியிட்டு, தாம் எழுதப்போகும் நூலின் சிறப்புகளை அதில் விஸ்தாரமாக எடுத்துரைத்து, சந்தாதாரர்களிடம் ஒரு பகுதித் தொகையை வாங்கிக்கொண்ட பிறகு பேனாவை எடுப்பது அந்நாளில் சர்வ சாதாரணம். டாக்டர் ஸாமுவேல் ஜான்ஸன் 1756-இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்கு ஒரு பதிப்பு கொண்டுவருவதாக இவ்விதமே அறிக்கை விட்டார். அடுத்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்குள் நூல் கைக்கு வந்துவிடும் என்பது வாக்குறுதி. வந்தது என்னவோ 1765-இல். இடையில் சார்லஸ் சர்ச்சில் என்ற கவிஞர், பணத்தை வாங்கிக்கொண்ட பெரியவர் புத்தகத்தை மறந்துவிட்டாரே என்று நையாண்டி செய்து பாடினார். சந்தாதாரர்களின் பெயர்ப்பட்டியலைத் தொலைத்துவிட்டதாகவும், அவர்கள் கொடுத்த பணத்தைச் செலவழித்துவிட்டதாகவும் ஜான்ஸனே பின்னாளில் வேடிக்கையாகச் சொன்னார் என்று ஒரு செய்தியும் உண்டு.

நம் காலத்தில் அமெரிக்க மோட்டார் வர்த்தகத்தில் தோன்றி, ஏறத்தாழப் பத்தாண்டுகள் செழித்திருந்த ஒரு வழக்கத்தை ஆராயப் புகும்போது, ஜான்ஸனின் சந்தாதாரர்கள் நினைவுக்கு வருவது இயல்பே. காரை வாங்கும் அன்றே, அக்கார் பின்னொரு நாளில் மனித சாரதியின் உதவியின்றித் தானே ஓடும் ஆற்றலைப் பெற்றுவிடும் என்ற நம்பிக்கையில், அந்த ஆற்றலுக்குரிய கிரயத்தையும் சேர்த்துக் கட்டிவிடுவதே அவ்வழக்கம். இப்போதே கட்டிவிடலாமா, வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்ற கேள்வி லட்சக்கணக்கான குடும்பங்களில் எழுந்தது. அவரவர் துணிவுக்கும் வசதிக்கும் ஏற்ப விடையும் மாறியது.

தானே ஓடும் வண்டியைப் பற்றிய கனவு இந்த வியாபாரத்துக்கு மிகவும் முற்பட்டது. 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்காக நார்மன் பெல் கெட்டஸ் என்ற கலைஞர் அமைத்த 'ஃப்யூச்சராமா' என்னும் காட்சியில், நகரும் நாற்காலிகளில் அமர்ந்துகொண்டு ஜனங்கள் 1960-ஆம் ஆண்டின் அமெரிக்காவை ஒரு சிற்றுருவில் கண்டு களித்தார்கள். அங்கே நெடுஞ்சாலைகளில் வண்டிகள் ஒன்றையொன்று மோதாமல், தாமாகவே இடைவெளி காத்து ஓடிக்கொண்டிருந்தன. 1950-களில் மின்சாரக் கம்பெனிகள் கூட்டாக வெளியிட்ட விளம்பரச் சித்திரம் ஒன்று இன்றும் பிரசித்தமானது. கண்ணாடிக் கூரையிட்ட ஒரு கார் நெடுஞ்சாலையில் விரைகிறது; உள்ளே தந்தையும் தாயும் பிள்ளைகளும் ஒரு மேஜையைச் சுற்றி எதிரெதிராக அமர்ந்து ஏதோ ஆட்டத்தில் மூழ்கியிருக்கிறார்கள்; ஸ்டியரிங் சக்கரத்தின் பக்கம் ஒருவர் பார்வையும் செல்லவில்லை. இச்சித்திரங்களெல்லாம் பார்த்து மகிழ்வதற்கு ஏற்பட்டவை. அவற்றை நம்பி அச்சாரம் கொடுங்கள் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை.

கனவைக் காரியமாக்க முயன்றவர்களும் நெடுங்காலம் வரை பணம் கேட்கும் நிலையில் இல்லை. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ் என்ற பேராசிரியரின் கூட்டத்தார் 1995-இல் மெர்ஸிடஸ் கார் ஒன்றைப் பெரும்பாலும் இயந்திரத்தின் பொறுப்பிலேயே விட்டு, மூனிக்கிலிருந்து டென்மார்க்கிலுள்ள ஓடென்ஸ வரை சென்று திரும்பினார்கள். 2004-இல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிப் பிரிவான டார்ப்பா, மொஹாவி பாலைவனத்தில் பத்து லட்சம் டாலர் பரிசு வைத்து ஒரு பந்தயம் நடத்தியபோது, சுமார் 240 கிலோமீட்டர் ஓடவேண்டிய வண்டிகளில் மிகச் சிறந்தது 12 கிலோமீட்டர் அளவிலேயே நின்றுபோயிற்று. மறு ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 'ஸ்டான்லி' பந்தயத்தை முடித்து வென்றது. 2009-இல் கூகிள் நிறுவனம் ரகசியமாகத் தன் முயற்சியைத் தொடங்கியது. காரியம் நடந்துவிடும் என்ற எண்ணம் ஜனங்களின் மனத்தில் வேரூன்றியது இந்த ஐந்தாறு ஆண்டுகளில்தான்.

இந்த எண்ணத்தை விற்பனைச் சரக்காக்கியது டெஸ்லா கம்பெனி. 2014 அக்டோபரில், அதன் கார்களில் காமிராவும் ரேடாரும் பன்னிரண்டு ஒலியுணரிகளும் பொருத்தப்பட்டு, 'ஆட்டோபைலட்' என்ற பெயரில் 4,250 டாலர் மதிப்புள்ள ஒரு தொகுப்பின் பகுதியாக விற்கப்பட்டன. வாங்கிய அன்று அக்கருவிகள் செய்த வேலை சொற்பம். மற்றவை மென்பொருளாக வானலை வழியே பின்னர் வந்து சேரும் என்று சொல்லப்பட்டது. அவ்வாறே ஓராண்டு கழிந்து, 2015 அக்டோபரில், நெடுஞ்சாலையில் தடம் பிசகாமல் ஸ்டியரிங்கைத் தானே திருப்பும் வசதி, ஓர் இரவில் இறங்கிய மென்பொருளால் வீட்டு வாசலில் நின்ற கார்களுக்குக் கிடைத்தது. நேற்று வாங்கிய பொருள் இன்று புதிய திறமையோடு விழித்தெழுவது மோட்டார் உலகில் முன் கண்டறியாத அதிசயம். முதல் அச்சாரம் நாணயமாகத் தீர்க்கப்பட்டது என்ற இந்த அனுபவமே, இரண்டாவது அச்சாரத்துக்கு ஜனங்கள் அத்தனை எளிதில் இணங்கியதற்கு மூலகாரணம் என்று கருதலாம்.

அந்த இரண்டாவது அச்சாரம் 2016 அக்டோபர் 19-ஆம் தேதி பிறந்தது. இனித் தயாராகும் கார்கள் அனைத்திலும் எட்டுக் காமிராக்கள் இருக்கும் என்றும், மனிதரைவிடக் கணிசமாக அதிகப் பாதுகாப்போடு முழுவதும் தானே ஓடுவதற்கு வேண்டிய கருவிகள் யாவும் அவற்றில் அடங்கியுள்ளன என்றும் கம்பெனி பிரகடனம் செய்தது. காருக்கு ஆர்டர் கொடுக்கும் திரையில் இரண்டு கட்டங்கள் தோன்றின. மேம்பட்ட ஆட்டோபைலட் வேண்டுமென்றால் 5,000 டாலர். அதற்கு மேல் 'முழுத் தானோட்டம்' வேண்டுமென்றால் இன்னும் 3,000 டாலர். அதையே கார் கைக்கு வந்தபின் கேட்டால் 4,000 டாலர். வசதிகள் ஒவ்வொன்றும் எப்போது கிட்டும் என்று திட்டமாகக் கூற இயலாது, அது சட்ட அனுமதியைப் பெரிதும் பொறுத்தது என்ற வாசகமும் அதே திரையில் இருந்தது. ஆயிரம் டாலர் லாபம் பெரிய எழுத்தில் தெரிய, காலவரையறை இல்லாத ஒப்பந்தம் சிறிய எழுத்தில் தங்கிவிட்டது.

அப்பிரகடனத்தோடு ஒரு திரைப்படத் துணுக்கும் வெளியாயிற்று. சாரதி ஆசனத்தில் இருப்பவர் சட்டத்தின் பொருட்டே அங்கே அமர்ந்திருக்கிறார், அவர் எதுவும் செய்யவில்லை, கார் தானே ஓடுகிறது என்ற அறிவிப்போடு அது தொடங்கும். சென்னைக் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்று, டெஸ்லாவின் ஆட்டோபைலட் குழுவில் ஆரம்ப நாட்களிலேயே சேர்ந்து, பின்னர் அதன் மென்பொருள் பிரிவுக்குத் தலைவரான அசோக் எல்லுசாமி, 2022-இல் ஒரு வழக்கில் அளித்த வாக்குமூலத்தில் இத்துணுக்கைப் பற்றிக் கூறியவை 2023 ஜனவரியில் வெளிவந்தன. குறிப்பிட்ட ஒரு பாதையை முன்னதாகவே அளந்து பதிவு செய்துகொண்டு படம் எடுக்கப்பட்டது என்பதும், எதிர்காலத்தில் எது சாத்தியம் என்று காட்டுவதே அதன் நோக்கமாக இருந்தது என்பதும், 2016-இல் வாடிக்கையாளர் கையிலிருந்த காரின் திறமையை அது காட்டவில்லை என்பதும் அவர் சாட்சியத்தின் சாரம்.

2017 முடிவதற்குள் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க் வரை ஸ்டியரிங்கைத் தொடாமலே ஒரு கார் சென்று காட்டும் என்று தலைவர் எலான் மஸ்க் உரைத்திருந்தார். அந்தப் பிரயாணம் நிகழவில்லை. மேம்பட்ட ஆட்டோபைலட் தாமதமானதைப் பற்றித் தொடுக்கப்பட்ட வழக்கு 2018-இல் சமரசத்தில் முடிந்தபோது, 5,000 டாலர் கட்டியவர்களுக்கு 20 முதல் 280 டாலர் வரை கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபரில், குழப்பம் மிகுந்துவிட்டது என்று சொல்லி, முழுத் தானோட்டக் கட்டத்தையே திரையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2019-இன் தொடக்கத்தில் அது திரும்பவும் தோன்றியபோது, ஏற்கெனவே மேம்பட்ட ஆட்டோபைலட் வைத்திருந்தவர்களுக்குச் சில நாட்கள் 2,000 டாலருக்கே கொடுக்கப்பட்டது. மூன்றாயிரம் கட்டி இரண்டாண்டு பொறுத்திருந்தவருக்கு, பொறுமைக்குப் பரிசாகக் கிடைத்தது ஆயிரம் டாலர் நஷ்டம்.

இதன் பின்னரே இவ்வரலாற்றின் விசித்திரமான அத்தியாயம் ஆரம்பமாகிறது. 2019 ஏப்ரலில் முதலீட்டாளர்களைக் கூட்டி, மறு ஆண்டில் பத்து லட்சம் கார்கள் சாரதியில்லா வாடகை வண்டிகளாக ஓடத் தகுதி பெறும் என்றும், அப்போது காரின் மதிப்பு தேய்வதற்குப் பதிலாக வளரும் என்றும் மஸ்க் பேசினார். அது முதல் விலை படிப்படியாக ஏறிற்று: 2020 ஜூலையில் 8,000, அக்டோபரில் 10,000, 2022 ஜனவரியில் 12,000, அவ்வாண்டு செப்டம்பரில் 15,000 டாலர். வசதி வரும் நாளைச் சொல்ல இயலாத கம்பெனி, விலை ஏறும் நாளை மட்டும் தேதியோடு முன்கூட்டி அறிவித்தது. வாங்கத் தயங்கியவர்களைத் தள்ளிவிட்டது காரின் திறமையைக் காட்டிலும் அந்தத் தேதியே எனலாம்.

கருவிகள் யாவும் அடங்கிவிட்டன என்ற கூற்றும் நாளடைவில் தேய்ந்தது. 2016-இல் வைத்த கம்ப்யூட்டர் போதாதென்று 2019-இல் மூன்றாம் தலைமுறைக் கம்ப்யூட்டர் வந்தது. பணம் கட்டியவர்கள் காரைப் பணிமனைக்குக் கொண்டுபோனால், பயணியின் முழங்காலுக்கு எதிரேயுள்ள சிறு பெட்டியைக் கழற்றி, அதன் பின்னாலிருந்த பழையதை எடுத்துவிட்டுப் புதியதை இலவசமாகப் பொருத்திக் கொடுத்தார்கள். 2023-இல் நான்காம் தலைமுறைக் கம்ப்யூட்டர் வந்தது. 2025 ஜனவரியில், மூன்றாம் தலைமுறைக் கம்ப்யூட்டர் உள்ள கார்களுக்கும் பணம் கட்டியவர்களின் பொருட்டு மாற்று வைக்க வேண்டியிருக்கும், அது கடினமான வேலை என்று மஸ்க் ஒப்புக்கொண்டார். எல்லாம் அடங்கியது என்று விற்ற பொருள் இருமுறை போதாமல் போயிற்று.

இவ்விஷயத்தில் விளம்பரத்தைவிட உண்மையாகப் பேசியது கம்பெனியின் கணக்குப் புத்தகமே. கட்டிய பணத்தில் இன்னும் வழங்காத வசதிக்குரிய பகுதியை வருமானமாகக் காட்டாமல், வாடிக்கையாளருக்குப் பட்ட கடனைப் போல ஒதுக்கி எழுதிவருவது கணக்கியல் விதி. சோதனை மென்பொருளை 2022 நவம்பரில் வட அமெரிக்காவில் பணம் கட்டிய அனைவருக்கும் திறந்துவிட்ட பிறகு, அந்த ஒதுக்கீட்டிலிருந்து 32.4 கோடி டாலர் வருமானப் பக்கத்துக்கு மாறிற்று. அதுவரையில் அச்சாரம் கொடுத்தவர்கள், தாம் அறியாமலே, அக்கம்பெனிக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்தவர்களாக இருந்தார்கள். திறந்துவிட்ட மென்பொருளும் முழுமையானதன்று. 2023 பிப்ரவரியில் 3,62,758 கார்களின் மென்பொருளைத் திருத்தும்படி ஆயிற்று. 2024-இல் 'மேற்பார்வையோடு' என்ற அடைமொழி பெயரிலேயே சேர்ந்தது.

ஜான்ஸனின் சந்தாதாரர்களுக்கும் இவர்களுக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் தெளிவாகிறது. எட்டாண்டு தாமதித்து வந்த ஷேக்ஸ்பியர் பதிப்பு, வந்த அன்று புத்தம் புதிய நூல். அதன் முன்னுரை இன்றும் படிக்கப்படுகிறது. காரோ, வாக்குறுதி நிறைவேறக் காத்திருக்கும் காலமெல்லாம் டயர் தேய்ந்து, பாட்டரி தளர்ந்து, கிழடாகிக்கொண்டே இருக்கிறது. கட்டிய உரிமை ஆளைச் சேராமல் காரையே சேர்ந்தது. காரை விற்றால் உரிமையும் போயிற்று. 2023-இல் ஒரு முறை, குறித்த தவணைக்குள் புதிய கார் எடுப்பவர்களுக்கு மட்டும், பழைய உரிமையை மாற்றிக்கொள்ளச் சலுகை தந்தார்கள். வாக்குறுதியின் ஆயுள் காரின் ஆயுளைவிட நீளமானதே இவ்வியாபாரத்தின் மூலக் கோளாறு.

வேறு வழியில் சென்றவர்களும் இருந்தார்கள். மெர்ஸிடஸ் கம்பெனி 2022-இல் ஜெர்மனியில் விற்கத் தொடங்கிய தானோட்ட வசதி, குறிப்பிட்ட நெடுஞ்சாலைகளில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துக்குள் மட்டுமே இயங்கியது. எல்லை குறுகியதாயினும், வாங்கிய அன்றே இயங்கியது. கூகிளின் வழிவந்த வேமோ எவரிடமும் அச்சாரம் வாங்கவில்லை; 2020 அக்டோபர் முதல் ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் சாரதியில்லா வண்டியில் பொதுமக்களை ஏற்றி, போன தூரத்துக்குக் கட்டணம் வாங்கிற்று.

முடிவில் டெஸ்லாவும் அத்திசைக்கே வந்தது. 2021-இல் 199 டாலராகத் தொடங்கிய மாதச் சந்தா 2024 ஏப்ரலில் 99 டாலராயிற்று. மொத்த விலையும் 8,000 டாலருக்கு இறங்கியது. 2022 செப்டம்பரில் 15,000 டாலர் கட்டியவர், அதே தொகையைக் கொண்டு இந்தச் சந்தாவைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் செலுத்தியிருக்கலாம். 2026 பிப்ரவரி 14-க்குப் பிறகு மொத்தமாக விற்பதில்லை, சந்தா மட்டுமே என்று அவ்வாண்டு ஜனவரியில் மஸ்க் அறிவித்தார்.

இந்த விலைக் கோட்டை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தாலும் ஓர் உண்மை புலப்படுகிறது. மென்பொருள் மிகக் குறைவாக வேலை செய்த ஆண்டுகளில் விலை ஏறிக்கொண்டே போயிற்று. உண்மையில் தெருக்களில் திரும்பி, விளக்குகளுக்கு நின்று, ஓரளவு ஓடத் தொடங்கிய பிறகு விலை இறங்கிற்று. பிரத்தியட்சமாக இயங்கும் பொருளை ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பரீட்சித்து, பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். அதனால் அதன் விலைக்கு ஓர் எல்லை உண்டு. இல்லாத பொருளைப் பரீட்சிக்க வழியில்லாததால், வாங்குபவரின் ஆசையைத் தவிர அதன் விலைக்கு வேறு அளவுகோல் இல்லை. நாளை வேறொரு கம்பெனி இதே கட்டத்தை வேறொரு திரையில் காட்டும்போது, குறித்த தேதியும், தவறினால் பணம் திரும்பும் என்ற ஷரத்தும் அதில் இல்லாவிட்டால், கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுக் காரை மட்டும் வாங்குவதே விவேகம். அதற்காகப் பின்னர் ஆயிரம் டாலர் அதிகமாகக் கொடுக்க நேர்ந்தாலும், பொருளைக் கண்ணால் கண்டு கொடுத்த பணமாகவே அது இருக்கும்.