பழந்தோல் உறைகள்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில், ஆறுமுகநேரியை அடுத்துள்ளது சாகுபுரம். 1950களின் இறுதியில் எழுந்த ரசாயனத் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர் அது. சுற்றிலும் உப்பளங்கள், கிழக்கே கடல். அங்கே வீசும் காற்றில் எப்போதும் உப்பும் ஈரமும் உண்டு. உப்பு தோலுக்கு நண்பனும் ஆகும், பகைவனும் ஆகும். உரித்த தோலை அழுகாமல் காப்பது உப்பு. அதே தோலைப் பதனிட்டு, தைத்து, பித்தளைக் குமிழ் பொருத்தியபின், உலோகத்தை அரித்துத் தோலையும் கெடுப்பது அந்த உப்புக் காற்று. இக்கடற்கரையில் எஞ்சியிருக்கக்கூடிய பழைய கைத்துப்பாக்கி உறைகளைப் பற்றிச் சிந்திப்போர் முதலில் உணரவேண்டிய உண்மை இது.

உறைக்கு என்ன வரலாறு என்று நேயர்கள் வினவலாம். நெல்லைச் சீமையில் ஆயுதத்தின் வரலாறே ஆட்சியின் வரலாறு. 1801ஆம் ஆண்டு மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வீழ்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம், பாளையத்து மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர் கையில் துப்பாக்கி இருப்பதை உரிமச் சீட்டுக்கு அடக்கியது. ஆகவே, இடுப்பில் தோலுறை அணிந்தவர் பெரும்பாலும் ஆள்வோரின் பக்கத்தவராகவே இருந்தனர். அந்தத் தடையை மீறிய கைகளும் உண்டு. 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். 1942 செப்டம்பரில், சாகுபுரத்துக்குத் தெற்கேயுள்ள குலசேகரன்பட்டினத்து உப்பளத்தில் உப்புத் துறை அதிகாரி லோன் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் ஆகிய இருவருக்கும் விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனை பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

இனி உறையின் உருவத்தைக் காண்போம். ஒருமுறை சுட்டதும் மீண்டும் மருந்திடவேண்டிய பழங்காலக் கைத்துப்பாக்கிகளைக் குதிரை வீரர் சேணத்தின் முன்புறம் இரட்டை உறைகளில் செருகி வைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுழல் துப்பாக்கி பரவவே, உறை சேணத்தை விட்டு இடுப்புக்கு வந்தது. 1858இல் வட இந்தியப் போரில் இடக்கையை இழந்த சாம் பிரௌன் என்னும் படைத்தலைவர், வாளையும் துப்பாக்கியையும் தாங்கும்படி தோள்வாருடன் ஓர் இடைக்கச்சையை வகுத்தார். இந்திய மண்ணில் தோன்றிய அந்தக் கச்சை உலகப் படைகள் பலவற்றிலும் பரவியது.

இவற்றுக்கு வேண்டிய தோலை இந்நாட்டு மக்களே பதனிட்டனர். கான்பூரில் கருவேலம்பட்டை, சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டை. ஆவாரம்பட்டை நீரில் ஊறிய தோல் நாளடைவில் சிவந்து போகாதிருக்க, இறுதியில் கடுக்காய்ச் சாற்றில் தோய்ப்பது நம்மவர் வழக்கம். முதல் உலகப் போரில், 1916 முதல், இத்தோலின் ஏற்றுமதியை அரசே தன் கையில் எடுத்துக்கொண்டது. படைவீரரின் காலணிக்கு அது அத்துணை இன்றியமையாததாயிற்று. ஆயினும் அந்தத் தோலைப் பதனிட்டவர்களின் பெயர்களை எந்த முத்திரையும் தாங்கவில்லை.

ஆவாரை, கருவேல் ஆகியவற்றின் துவர்ப்புச் சத்தில் ஒரு குறையும் உண்டு. காற்றிலுள்ள கந்தகப் புகையை ஈர்த்து, அத்தோல் பல ஆண்டுகளில் செந்தூளாக உதிரத் தொடங்கும். புத்தகக் கட்டடத் தோல்களை ஆராய்ந்து 1905இல் லண்டன் கலைக்கழகக் குழு வெளியிட்ட அறிக்கை இவ்வகைத் துவர்ப்பின் நிலையாமையை எடுத்துரைத்தது. தொட்டால் விரலில் சிவப்புப் பொடி ஒட்டுமாயின், நோய் பற்றிவிட்டது என்று அறியலாம். அத்தகைய உறையில் நீர் படலாகாது. பட்ட இடம் கறுத்து இறுகிவிடும். எண்ணெய் பூசி மெருகேற்றுவதும் தீங்கே. எண்ணெய் தூசியை ஈர்க்கும். பித்தளையைச் சுற்றிப் பச்சைக் களிம்பு மேலும் படியும்.

தையல் பிரிந்த உறையைச் சீர்செய்யுங்கால் முதல் வேலை எண்ணுவது. ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல், எந்தப் பக்கம் தொடக்கம், எங்கே முடிச்சு என்பனவற்றைக் குறித்து, படமும் எடுத்துக்கொள்ளவேண்டும். பழைய நூலின் துண்டை எறியாமல் ஓர் உறையிலிட்டு வைக்கவேண்டும். பிறகு, தேன்மெழுகு தடவிய நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இருபுறமிருந்தும் மாறி மாறிச் செலுத்துவது சேணத் தையல். ஓரிடத்தில் அறுந்தாலும் மற்றவை பிரியாமை அதன் சிறப்பு. புதிய துளை ஒன்றும் இடலாகாது. பழைய துளையிலேயே ஊசி செல்லவேண்டும். நூலை இறுக்கி இழுப்பதும் கூடாது. புது நூல் பழந்தோலைவிட வலிமை குறைந்ததாக இருத்தல் நலம். பாரம் வந்தால் நூல் அறும், தோல் கிழியாது. அறுந்த நூலை மீண்டும் கோக்கலாம். கிழிந்த தோலை முன்போலாக்க இயலாது.

துப்பாக்கியை உறைக்குள்ளேயே வைத்துக் காப்பது பலரும் செய்யும் பிழை. தோலின் துவர்ப்பும் ஈரமும் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு தோலைத் தின்னும். இரண்டையும் பிரித்து வைத்தலே முறை. காற்றின் ஈரம் நூற்றுக்கு 65 பங்குக்கு மேற்பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஆதலின், கடற்கரை வீடுகளில் நெகிழித்தாளில் இறுகச் சுற்றாமல், காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில், உள்ளே வெள்ளைப் பருத்தித் துணியைத் தளர்வாக நிரப்பி வைக்கவேண்டும்.

இத்தகைய அறிவு நமக்குப் புதிதன்று. சென்னை அரசு அருங்காட்சியகம் 1930இலேயே தொல்பொருள்களைக் காக்கும் ரசாயனக் கூடத்தை அமைத்தது. 1948இல் சென்னையில் தோல் ஆராய்ச்சி நிலையமும் தோன்றியது. இருப்பினும், பழையதைப் புதியதாக்கிக் காட்டும் ஆசை நம்மை விட்டபாடில்லை.

உறையின் உட்புறத்தில் பதிந்த பட்டறை முத்திரை, தேய்ந்த விளிம்பு, கோணிய ஒரு தையல் இவையெல்லாம் சாட்சிகள். ஆண்டவர் கதை ஏடுகளில் இருக்கிறது. அடங்காதவர் கதை நீதிமன்றத் தீர்ப்புகளில் இருக்கிறது. தோலைப் பதனிட்டுத் தைத்த தொழிலாளியின் கதையோ அந்தத் துளைகளின் வரிசையில் மட்டுமே இருக்கிறது. அதை அழியாமல் பின்பற்றிச் செல்லும் ஊசியே நல்ல ஊசி.