ஓடாத ஆலையின் ஐந்தொகை

போன அரையாண்டில் எங்களுக்கு நிதிக் கணக்கீடு ஒரு துணைப்பாடம். கலைப்பீடத்தில் இருந்துகொண்டு வரவு, செலவு படிக்கிறதில் எங்கட வகுப்பில் ஒருத்தருக்கும் பெரிய ஆசை இருக்கேல்லை. ஒப்படையாக ஒரு ஆய்வுக் குறிப்பு தந்தார்கள். மெமோ என்றுதான் எல்லாரும் சொன்னம். கேள்வி ஒரே ஒரு வரி: இலங்கை ஏன் கணக்கீட்டு நியமங்களைச் சட்டமாக்கியது?

முதல் வரைவில் எல்லாரும் எழுதுவதைத்தான் நானும் எழுதினேன். ஒப்பிடத்தக்க தன்மை, நம்பகத்தன்மை, முதலீட்டாளர் பாதுகாப்பு. பிறகு சட்டத்தின் பெயரைச் சரியாக எழுதப் போனபோதுதான் ஆண்டைக் கவனித்தேன். 1995ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க, இலங்கைக் கணக்கீட்டு, கணக்காய்வு நியமங்கள் சட்டம். யாழ்ப்பாணத்தில் 95 என்று சொன்னால் வேறு எதுவும் நினைவுக்கு வராது. அன்றிலிருந்து அந்த மெமோ என் கையை விட்டுப் போய்விட்டது.

வர்த்தகப் பிரிவில் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு கடைக்காரர் ஊருக்குள் 10 இலட்சம் ரூபாய்க்குக் கடன் குடுத்திருக்கிறார். வாங்கினவர்களில் அரைவாசிப்பேர் இப்ப ஊரில் இல்லை. கடன் கொப்பியில் 10 இலட்சம் வரவேண்டியிருக்கு என்றுதான் இன்னும் இருக்கிறது. அந்தக் கொப்பியைக் காட்டி அவர் ஒரு பங்காளியைச் சேர்க்கிறார். அவர் பொய் சொன்னாரா? கொப்பியில் உள்ள ஒவ்வொரு வரியும் உண்மை. ஆனால் மொத்தம் பொய். கணக்கீட்டு நியமம் என்பது இந்த இடைவெளியில் வருகிற சாமான். வராது என்று தெரிந்த கடனை எப்போது, எவ்வளவு வெட்ட வேண்டும் என்று எல்லாருக்கும் பொதுவாக எழுதி வைப்பது.

இந்த வகைப் பொய்க்கு உலகப் புகழ்பெற்ற வழக்கு ஒன்று 1931இல் லண்டனில் நடந்தது. ரோயல் மெயில் என்ற பெரிய கப்பல் கம்பனி. முதலாம் உலகப்போர்க் காலத்தில் உழைத்ததை மறைவாக ஒதுக்கி வைத்திருந்தது. 1920களில் கப்பல் ஓட்டத்தில் நட்டம் வர, அந்த மறைவு ஒதுக்கத்திலிருந்து எடுத்து எடுத்து இலாபம் போலக் காட்டியது. தலைவர் கில்சன்ற் பிரபுவும் கணக்காய்வாளர் ஹரோல்ட் மோர்லண்டும் கூண்டில் ஏறினார்கள். ஆண்டுக் கணக்குகள் சம்பந்தமான குற்றச்சாட்டில் இரண்டு பேருமே விடுதலை! அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள் என்பதே பெரிய எதிர்வாதமாக இருந்தது. 1928இல் கடன் திரட்ட வெளியிட்ட விளம்பர அறிக்கைக்காகத்தான் கில்சன்றுக்கு 12 மாதச் சிறை கிடைத்தது.

இது எங்கட கதைக்குள் வருவதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கையின் கம்பனிகள் கட்டளைச் சட்டம் 1938ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கம். அதற்கு அச்சாக இருந்தது இங்கிலாந்தின் 1929ஆம் ஆண்டுச் சட்டம். அதாவது ரோயல் மெயில் வழக்குக்கு முந்திய சட்டம். ஓட்டை எங்கே என்று வழக்கில் தெரிந்து ஏழு வருசம் கழித்து, அதே ஓட்டைச் சட்டி கொழும்புக்கு இறக்குமதியானது. இங்கிலாந்து 1948இல் தன்னுடைய சட்டத்தை மாற்றிவிட்டது. இங்கே 1982ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை பழையதுதான். சுதந்திரம் கிடைத்து 34 வருசம், ஒரு கம்பனி தன் பங்குதாரருக்கு என்ன காட்ட வேண்டும் என்பதற்கு ஆங்கிலேயர் கைவிட்டுவிட்ட விதியே போதுமாக இருந்திருக்கிறது. மெமோவில் இதை ஒரு அடிக்குறிப்பாகப் போட்டேன். உண்மையில் இது ஒரு தனிக் கட்டுரை.

கணக்காளர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. 1973இல் ஒன்பது நாடுகளின் கணக்காளர் அமைப்புகள் லண்டனில் சர்வதேசக் கணக்கீட்டு நியமங்கள் குழுவைத் தொடங்கின. அங்கே எழுதப்பட்டவற்றைத் தழுவி இங்கேயும் நியமங்கள் வந்தன. ஆனால் அவை சட்டமல்ல. பின்பற்றாத கம்பனியை நீதிமன்றத்துக்குக் கொண்டு போக வழியில்லை.

வழி திறந்தது 1980களின் கடைசியில். வங்கியை விடக் கூடுதல் வட்டி தருவதாகச் சொல்லிப் பொதுமக்களிடம் வைப்புப் பணம் வாங்கிய நிதிக் கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. 1979இல் ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தும் தடுக்க முடியவில்லை. 1988இல் 78ஆம் இலக்கச் சட்டம் என்று இன்னொன்று வந்தது. விழுந்தவற்றின் கணக்குகளில் அந்தக் கடைக்காரரின் கொப்பிக் கதைதான். திரும்பி வராத கடன், வருமதி என்று நின்றது. அதற்கு வரவேண்டிய வட்டி, வருமானமாக எழுதப்பட்டது. ஓய்வூதியப் பணத்தைப் போட்டவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார்கள். இந்தச் சரிவுகளின் அழுத்தத்தில்தான் 1995ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. நியமத்தை எழுதுவது பட்டயக் கணக்காளர் நிறுவனம். வர்த்தமானியில் வந்ததும் அது கட்டாயம். கண்காணிக்க ஒரு தனிச் சபை. யாருக்குக் கட்டாயம் என்று ஒரு பட்டியலும் இருக்கிறது: வங்கிகள், காப்புறுதிக் கம்பனிகள், நிதிக் கம்பனிகள், பங்குச் சந்தையில் உள்ளவை, வியாபாரம் செய்யும் அரச கூட்டுத்தாபனங்கள், பிறகு அளவில் பெரிய மற்றக் கம்பனிகள். உதாரணத்துக்கு, ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்கிற கம்பனி.

யாழ்ப்பாணத்தில் நின்றுகொண்டு அந்தப் பட்டியலைப் படித்தால் ஒன்று உறைக்கும். எங்கட சனத்தின் சின்னச் சேமிப்பெல்லாம் காலாகாலமாக எங்கே போனது? சிக்கனக் கடனுதவிச் சங்கங்களுக்கு, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு. நகரத்தில் எல்லாருக்கும் தெரிந்த வீரசிங்கம் மண்டபமே கூட்டுறவாளர் வீ. வீரசிங்கத்தின் பெயரில் நிற்கிறது. கூட்டுறவுச் சங்கங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்கு 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், பதிவாளரின் கீழ் வருடாந்தக் கணக்காய்வு. அது குறைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சங்கக்கடை மனேச்சர்மார் கணக்காய்வுக்காரர் வாற நாளுக்கு எப்படிப் பயப்படுவார்கள் என்று வீட்டில் கேட்டு வளர்ந்த ஆள் நான். ஆனால் நாடு தழுவிய நியமம் என்று நாங்கள் படிக்கிற பொருள், எங்கட பணம் புழங்கிய இடத்தைப் பார்த்து எழுதப்பட்டதல்ல.

சட்டம் வந்தபிறகும் விழுந்தவை விழுந்தன. 2002 ஒக்டோபரில் பிரமுக வங்கியை மத்திய வங்கி இடைநிறுத்தியது. 2008 டிசம்பரில் கோல்டன் கீ, வைப்புப் பெற உரிமமே இல்லாத கம்பனி. அடுத்த மாதம் இந்தியாவில் சத்தியம். 5,000 கோடி இந்திய ரூபாய்க்கு மேல் வங்கியில் இருப்பதாகக் காட்டிய காசு இல்லவே இல்லை என்று தலைவர் ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதினார். 2012 ஜனவரி 1இல் இருந்து இலங்கை சர்வதேச நிதி அறிக்கையிடல் நியமங்களோடு ஒன்றிய புதிய தொகுதிக்கு மாறியது. இந்தப் பகுதியை மெமோவில் ஒரு அட்டவணையாகப் போட்டு முடித்தேன்.

நான் நிறைய நேரம் நின்றது இன்னொரு இடத்தில். காங்கேசன்துறை.

சீமெந்து ஆலை 1950இல் ஓடத் தொடங்கியது. ஜி.ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலம். காலடியில் சுண்ணக்கல், முருங்கனில் களி, பக்கத்தில் துறைமுகமும் ரயிலும். 1980களின் தொடக்கத்தில் அருகிலேயே லங்கா சீமெந்து என்ற கம்பனியும் வந்தது. குடாநாட்டில் ஆயிரக்கணக்கில் சம்பளம் குடுத்த இடம் அதைப் போல வேறில்லை. 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்க உற்பத்தி நின்றது. வலிகாமம் வடக்குச் சனம் எழும்பியது. ஆலை உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. கொழும்பில் நிதிக் கம்பனி வைப்பாளர்கள் கதவுக்கு வெளியே நின்ற அதே காலத்தில், இங்கே தொழிலாளர்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். ஆலை நின்றாலும் லங்கா சீமெந்து என்ற பெயர் கொழும்புப் பங்குச் சந்தைப் பட்டியலில் தொடர்ந்தது. போர் முடிந்த பிறகும் இருந்தது. புகைபோக்கியில் புகை இல்லை, ஆனால் பங்குக்கு விலை உண்டு.

அந்தக் கம்பனியின் ஆண்டறிக்கைகளை நான் இங்கே எடை போடவில்லை. நியமத்தைக் கொண்டுபோய் அந்த முள்வேலிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

சர்வதேசக் குழு 1989இல் வெளியிட்ட எண்ணக்கருச் சட்டகம் சொத்துக்கு ஒரு வரைவிலக்கணம் சொல்கிறது. நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள, எதிர்காலத்தில் பயன் தரும் வளம். அடுத்த வருசமே காங்கேசன்துறையில் கட்டுப்பாடு யாரிடம்? உறுதி கம்பனியிடம். வாசலில் இராணுவம். உள்ளே போய்ப் பார்க்க முடியாத இயந்திரத்துக்கு எந்தக் கணக்காய்வாளர் என்ன பெறுமதி எழுதுவார்?

அடுத்தது பெறுமானத் தேய்வு. ஆதனம், பொறி, உபகரணம் பற்றிய 16ஆம் நியமம், ஒரு பொறி சும்மா கிடந்தாலும் தேய்வு நிற்காது என்கிறது. ஓடினால்தானே தேயும் என்று நாங்கள் நினைப்போம். இல்லை, கடல் காற்றுப் பட்டுக் கிடந்தாலும் வருசா வருசம் கழிக்க வேண்டும். அந்த விதியைப் படித்தபோது முதல் தடவையாகக் கணக்கீட்டில் ஒரு கவிதை இருக்கிறது என்று தோன்றியது. நண்பனிடம் சொன்னேன், "உனக்கு விசர்" என்றான்.

மூன்றாவதுதான் பெரியது. தொடர்ந்தியங்கும் எண்ணக்கரு. நிறுவனம் மூடப்படப் போவதில்லை, தொடர்ந்து இயங்கும் என்று எடுத்துக்கொண்டுதான் எல்லாக் கணக்கும் எழுதப்படுகிறது. அந்த எடுகோள் பொருந்துமா என்று நிர்வாகம் ஆகக் குறைந்தது 12 மாதம் முன்னோக்கிப் பார்க்க வேண்டும். 12 மாதம்! அடுத்த வருசமும் இதே ஊரில், இதே கடை, இதே வயல் இருக்கும் என்ற நம்பிக்கை. உயர்தரத்தில் கணக்கீடு படித்த பிள்ளைகள் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள். இங்கே வாழ்ந்த ஒரு தலைமுறைக்கு அது பாடப்புத்தகத்தில் மட்டும் இருந்த எடுகோள்.

மெமோவின் முடிவாக நான் எழுதியது இது. நியமம் மேலிருந்து இறங்கிய உண்மையல்ல, ஏமாந்தவர்கள் சத்தம் போட்டபிறகு எழுதப்பட்ட உடன்படிக்கை. யாருடைய சத்தம் கேட்டதோ அவருடைய நட்டம் விதியாகிறது. 2022ஐப் பாருங்கள். ஏப்ரல் 8இல் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி கூட்டியது. 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. வட்டி ஏற, வங்கிகளின் கையில் இருந்த பழைய அரச பத்திரங்களின் சந்தை விலை விழுந்தது. அதை அப்படியே காட்டினால் வங்கிகளின் மூலதனம் கரையும். பட்டயக் கணக்காளர் நிறுவனம் ஒரு மாற்று நடைமுறைக் கூற்றை வெளியிட்டது. சந்தை விலையில் காட்டிய பத்திரங்களை வேறு வகைக்கு மாற்ற அனுமதி கிடைத்தது. பிழை என்று நான் சொல்லவில்லை. வங்கி விழுந்தால் எங்கட அம்மாமாரின் சேமிப்பும்தான் விழும். ஆனால் தேவை வந்தபோது நியமம் வளைந்தது. அப்படியென்றால் வடக்குக்கு வளைந்திருக்க வேண்டிய இடம் எது என்று கேட்கலாம்தானே?

விரிவுரையாளர் நல்ல புள்ளி தந்தார். கடைசிப் பந்தியை மட்டும் பென்சிலால் வெட்டி, "மெமோவுக்கு இது தேவையில்லை" என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி. மெமோவுக்குத் தேவையில்லை. அந்தப் பந்தி இதுதான்:

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுக்க மழைக்குள்ளே நாவற்குழிப் பாலத்தைத் தாண்டியது. கடைக்காரர்களும்தான். சிலர் சாமானை விட்டுவிட்டுக் கடன் கொப்பியைக் கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது கடை கூரையில்லாமல் நின்றது. கொப்பியில் பெயர் இருந்தவர்கள் கிளிநொச்சியில், இந்தியாவில், கனடாவில். அந்தக் கடனை வெட்டுவதா, வைத்திருப்பதா என்று சொல்ல அவர்களுக்கு ஒரு நியமமும் இருக்கவில்லை. எங்கட ஒழுங்கையில் ஒருவர் வெட்டவில்லை. பதினாலு வருசம் கழித்து, போர் முடிந்த பிறகு, ரொறன்ரோவில் இருந்து வந்த ஒருத்தர் படலைக்கு வெளியே நின்று, "அண்ணை, 90ஆம் ஆண்டு நான் எவ்வளவு தரவேண்டியிருந்தது?" என்று கேட்டார். அவர் கொப்பியை எடுத்துப் பார்த்துவிட்டு, 312 ரூபாய் என்றார்.